பழைய ஜப்பான் அக்கூஸ்டிக் கிட்டார்: லேபலை அப்புறம் பாருங்க, முதலில் நெக்

ஜனவரி 6, கேள்வி

"யமஹா எஃப்ஜி180, உள்ளே சிவப்பு லேபல் (ரெட் லேபல்). விற்பவர் சொல்வது: லாசூட் காலத்துப் பீஸ், பழுத்த முழுப்பலகை ஸ்ப்ரூஸ், மார்ட்டினுக்கு (அமெரிக்கக் கிட்டார் கம்பெனி) நேர். ஆக்ஷன் (விரல்பலகைக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) மட்டும் கொஞ்சம் ஏறியிருக்காம், சேடிலை (கம்பியைத் தாங்கும் சிறு பட்டை) தேய்த்தால் சரியாகிவிடுமாம். வாங்கலாமா?"

ஜனவரி 6

மூன்று தப்பு, ஒன்று ருசி சம்பந்தப்பட்டது.

எஃப்ஜி180-இன் டாப் (மேல்பலகை) முழுப்பலகை இல்லை, ஒட்டுப்பலகை. மரம் ஸ்ப்ரூஸ்தான், ஆனால் அடுக்கு. பின்னும் பக்கமும் மகாகனி ஒட்டு. 1966-இல் எஃப்ஜி150-உம் இதுவும் சேர்ந்து வெளிவந்தபோதே அப்படித்தான். அன்றைக்கு 18,000 யென். மாடல் எண்ணே விலைதான், 150 என்றால் 15,000. அந்த விலைக்கு ஒட்டுப்பலகை போட்டதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஏமாற்று இப்போது விற்பவர் பேச்சில்தான் இருக்கிறது.

லாசூட், அதாவது காப்பியடித்ததற்கான வழக்கு: அது நடந்தது உண்மை. 1977 ஜூனில், கிப்சனை வைத்திருந்த நார்லின் கம்பெனி ஃபிலடெல்ஃபியாவில் போட்டது. பிரதிவாதி எல்ஜர், அதாவது ஐபனெஸை அமெரிக்காவில் விற்றவர்கள். சண்டை ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) வடிவத்தைப் பற்றி. 1978-இல் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். 60-களின் யமஹா அக்கூஸ்டிக்குக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

மார்ட்டினுக்கு நேரா என்பது அவரவர் காது. சேடில் விஷயம்தான் பணத்தை விழுங்கும், அதைத் தனியாக எழுதுகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஜனவரி 7

முழுப்பலகையா ஒட்டா என்று பார்க்க சவுண்ட்ஹோல் விளிம்பு போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிங்க. முழுப்பலகையில் மேலே தெரியும் ரேகைகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கும், கோட்டுக்குக் கோடு. ஒட்டில் அந்தக் கோடுகள் மேல் அடுக்கோடு நின்றுவிடும். அதற்குக் கீழே பலகைக்கு இணையாக ஒரு நடு அடுக்கு ஓடும், பெரும்பாலும் நிறம் வேறாக, ரேகை குறுக்காக.

பின்பலகைக்கு வெளியே ஒரு முடிச்சையோ கருங்கோட்டையோ குறித்துக்கொண்டு, பல் டாக்டர் கண்ணாடியை விட்டு உள்ளே அதே இடத்தில் பாருங்க. உள்ளே வேறு மரம் தெரிந்தால் ஒட்டு என்று முடிவு. ஆனால் பொருந்திவிட்டால் மட்டும் முழுப்பலகை என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே கட்டையில் சீவிய தோலை ஒட்டிய பின்பலகைகள் உண்டு, ரேகை ஏறக்குறைய பொருந்தும். முடிச்சு, சிறு சுழி மாதிரி ஒரே ஒரு இடத்தில் இருக்கும் அடையாளத்தைத்தான் நம்பலாம்.

ஜனவரி 7, இரவு

விளிம்பில் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். பிரிட்ஜில் (சேடில் பதிந்திருக்கும் மரத்துண்டு) கம்பியைப் பிடித்திருக்கும் பின் ஒன்றைப் பிடுங்கி அந்தத் துளைக்குள் பாருங்க. இல்லாவிட்டால் பாடியின் அடியில் எண்ட்பின் (தோள்பட்டி மாட்டும் குமிழ்) துளை, ஆனால் அது பக்கப்பலகையைத்தான் காட்டும், டாப்பை இல்லை. பின்னைக் கழற்ற விடாத விற்பவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

ஜனவரி 9

இப்போது நெக். 50 வருஷம் கம்பி இழுத்ததில் நெக் பாடியோடு சேரும் இடத்தில் முன்னால் சாய்ந்திருக்கும், டாப் பிரிட்ஜுக்குப் பின்னால் வீங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஆக்ஷனை ஏற்றும்.

வரிசை முக்கியம். முதலில் கம்பியைச் சுருதிக்கு ஏற்றுங்க, தளர்ந்த கம்பியில் அளந்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), பாடி சேரும் ஃப்ரெட்டில் விரல். 7-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் 0.2 முதல் 0.25 மி.மீ இருந்தால் சரி. அதிகமானால் நெக் வளைவு, அது வேறு நோய், ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும், திருகக்கூடிய இரும்புக் கம்பி) இருந்தால் சரிசெய்யலாம். வளைவைச் சரிசெய்யாமல் கோணத்தை அளக்கக் கூடாது, இரண்டு கணக்கும் கலந்துவிடும்.

பிறகு ஒரு நேர்ச்சட்டத்தை ஃப்ரெட்களின் மேல், நடுவில் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்க. பிரிட்ஜின் மேல்தளத்தை உரசிக்கொண்டு போனால் நல்ல கோணம். பிரிட்ஜின் முகத்தில் முட்டினால், மேலிருந்து எத்தனை மி.மீ கீழே முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்க. 1 என்றால் வாசிக்கலாம். 2 தாண்டினால் நெக் ரீசெட் (நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்துவது) செலவை விலையில் கழித்துப் பேசணும்.

கடைசியாக 12-வது ஃப்ரெட்டில் ஆக்ஷன்: தடித்த இ கம்பி 2.4, மெல்லிய இ கம்பி 1.8 மி.மீ பக்கம் இருந்தால் நல்லது. சேடில் பிரிட்ஜுக்கு மேல் குறைந்தது 3 மி.மீ தெரியணும். ஆக்ஷன் அழகாக இருந்து சேடில் 1 மி.மீ-தான் தெரிகிறது என்றால், யாரோ ஏற்கெனவே தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள்.

இன்னொரு தில்லுமுல்லு: சேடில் தீர்ந்ததும் பிரிட்ஜையே சீவிவிடுவது. 8, 9 மி.மீ தடிமன் இருக்க வேண்டிய பிரிட்ஜ் 6-இல் நிற்கும், நேர்ச்சட்டம் அழகாக உரசிப் போகும். அதனால் பிரிட்ஜ் தடிமனையும் அளங்க. பிரிட்ஜ் பின்களின் துளைகளைச் சுற்றி மரம் மெலிந்திருந்தால் அடுத்த விரிசல் அங்கேதான்.

ஜனவரி 10

"ஆக்ஷன் 1 மி.மீ இறங்க சேடிலில் 1 மி.மீ தேய்" என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். இல்லை, 2 மி.மீ. 12-வது ஃப்ரெட் கம்பி நீளத்தின் பாதி, அங்கே பாதிதான் இறங்கும்.

ஜனவரி 12

கேட்டவர் அளந்து அனுப்பிவிட்டார். நேர்ச்சட்டம் பிரிட்ஜ் முகத்தில் மேலிருந்து 4 மி.மீ கீழே முட்டுகிறது. தடித்த இ ஆக்ஷன் 3.5. சேடில் 1.5 தெரிகிறது.

கணக்கு: 3.5-இலிருந்து 2.4-க்கு வர 1.1 இறங்கணும், அதாவது சேடிலில் 2.2. இருப்பதே 1.5. ஆக, தேய்த்துச் சரிசெய்ய அங்கே சேடிலே இல்லை.

ரீசெட் என்றால் நெக்கைக் கழற்றி ஹீலின் (நெக் பாடியோடு சேரும் அடிக்கட்டை) முகத்தை ஆப்பு மாதிரி சீவி, சாய்த்துத் திரும்ப ஒட்டுவது. 63 செ.மீ ஸ்கேலில் (கம்பி நீளம்) 14-வது ஃப்ரெட்டிலிருந்து சேடில் வரை சுமார் 28 செ.மீ. ஹீல் நீளம் 9 செ.மீ என்றால், பிரிட்ஜில் 4 மி.மீ உயர ஹீலின் அடியில் சீவ வேண்டியது 4 × 9 ÷ 28, ஏறக்குறைய 1.3 மி.மீ. மேலே வரவர பூஜ்யம். சீவுவது இவ்வளவுதான், கஷ்டம் கழற்றுவதில் இருக்கிறது.

வழக்கமான முறை: விரல்பலகையின் நாக்கை (டாப் மேல் ஒட்டியிருக்கும் பகுதி) சூடுபடுத்தி மெல்லிய கத்தியால் விடுவிப்பது, 15-வது ஃப்ரெட்டை எடுத்து அந்தப் பள்ளத்தில் 2 மி.மீ துளை போட்டு டவ்டெயிலுக்குள் (நெக்கும் பாடியும் கோத்திருக்கும் மூட்டு) ஆவி விடுவது. விலங்குப் பசை போட்ட பழைய மார்ட்டினில் சில நிமிஷத்தில் அசையும். ஜப்பான் தொழிற்சாலைக் கிட்டார்கள் பலவற்றில், ரெட் லேபல் உட்பட, பசை ஆவிக்கு லேசில் மசியாது. அசையவில்லையே என்று ஆவியை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் பிரிவது நெக் இல்லை, டாப்பின் அடுக்குகள். சவுண்ட்ஹோலுக்கும் நெக்குக்கும் நடுவில் கொப்பளம் கிளம்பும், ஃபினிஷ் வெளுக்கும். கால் மணி நேரத்தில் அசையவில்லை என்றால் நிறுத்துவது உத்தமம்.

அப்புறம்? ஹீல் சேரும் கோட்டில் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, கோணம் சீவி, இரண்டு போல்ட் போட்டு மாட்டுவது. எஃப்ஜி180-க்கு இதில் எந்தப் பாவமும் இல்லை, அடுத்த ரீசெட் கால் மணி வேலை ஆகிவிடும். கையால் கட்டிய யாய்ரி கிட்டாரில் மட்டும் இதைச் செய்யாதீங்க.

ஜனவரி 12

"நல்ல கிட்டார் கிடைக்கும்போது இவ்வளவு துருவலாமா?" தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இதற்குக் காசு கேட்கிறார்கள்.

ஜனவரி 15

வருஷம் கண்டுபிடிப்பது பற்றி மூன்று பேர் கேட்டாச்சு.

டகாமினே கிட்டார் சுலபம். எட்டு இலக்க எண்: முதல் இரண்டு வருஷம், அடுத்து மாதம், அடுத்து தேதி, கடைசி இரண்டு அன்றைய வரிசை. 78042315 என்றால் 1978 ஏப்ரல் 23, அன்றைய 15-வது. மாடல் பெயரின் கடைசியில் எஸ் இருந்தால் டாப் முழுப்பலகை. எஃப்360 வேறு, எஃப்360எஸ் வேறு, விளம்பரத்தில் அந்த எஸ் தானாக முளைக்கும், லேபலில் பாருங்க. 70-களில் ஹெட்ஸ்டாக் எழுத்தை மார்ட்டின் மாதிரியே எழுதினார்கள், அதனால்தான் இவற்றையும் லாசூட் என்கிறார்கள். ஜனவரி 6 பார்க்க.

அல்வாரெஸ் யாய்ரி: நெக் பிளாக்கில் குத்திய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஷோவா ஆண்டு (ஜப்பான் பேரரசர் ஆட்சிக் கணக்கு). 1925-ஐக் கூட்டுங்க. 52 என்றால் 1977. 1952 என்று விற்கப் பார்ப்பார்கள்.

யாய்ரி என்றாலே ஒன்று என்று நினைக்க வேண்டாம். கே. யாய்ரி என்பது கசுவோ யாய்ரி, கிஃபு மாகாணத்தில் கானி ஊர், இன்றைக்கும் நடக்கும் பட்டறை. எஸ். யாய்ரி என்பது சடாவோ யாய்ரி, நகோயா, 80-களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அந்தப் பெயர் பின்னாளில் சீனாவில் செய்த மலிவுக் கிட்டார்களில் திரும்ப வந்தது. "எஸ். யாய்ரி விண்டேஜ்" என்று பளபளவென்று ஒன்று வந்தால் எது என்று கேளுங்க.

யமஹா: லேபலில் நிப்பான் கக்கி என்று இருந்தால் 1987-க்கு முன்னால், கம்பெனி பெயர் யமஹா ஆனது அந்த வருஷம். ஜப்பான் ரெட் லேபல் காலம் தோராயமாக 1966 முதல் 70-களின் தொடக்கம் வரை. அதன் பின் எஃப்ஜியில் பெரும்பகுதி தைவானுக்குப் போனது. தைவான் எஃப்ஜி மட்டமில்லை, அதை ஜப்பான் விலைக்கு விற்பதுதான் மட்டம். 2016-இல் எஃப்ஜி180-க்கு 50-ம் ஆண்டுப் பதிப்பு வந்தது, 2019-இல் ரெட் லேபல் என்றே எஃப்ஜி3, எஃப்ஜி5 வந்தன. இவை முழுக்க முழுப்பலகை, விலை ஒப்பிடும்போது குழப்பிக்கொள்ளாதீங்க.

ஜனவரி 16

ஜனவரி 6-இல் சொன்ன "எண்ணே விலை" விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குத்தான் அது செல்லும். மாரிஸ் டபிள்யூ-30 என்றால் 30,000 யென், டோக்காய் கேட்ஸ் ஐஸ் சிஇ-400 என்றால் 40,000. ஏற்றுமதி மாடல்களில், எபிஃபோன் எஃப்டி-145 மாதிரி, எண்ணுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை.

70-களின் நடுவில் 40,000, 50,000 யென் தாண்டும்போது டாப் முழுப்பலகையாக மாறும், பின்னும் பக்கமும் முழுப்பலகை கிடைப்பது 1 லட்சம் யென் பக்கத்தில். பிராண்டுக்குப் பிராண்டு ஆடும். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு முன்னும் பின்னும் யென்னின் மதிப்பே வேறு, ஆகவே 1970-இன் 30,000-ஐ 1979-இன் 30,000-ஓடு ஒப்பிட வேண்டாம்.

ஜனவரி 18

பிரிட்ஜ் தூக்கிக்கொண்டிருக்கிறது, சூடுபடுத்திக் கழற்றப் போகிறேன் என்று ஒருவர். நிறுத்துங்க! பிரிட்ஜில் இரண்டு முத்துப் பொட்டு இருக்கிறதா? அலங்காரம் இல்லை, அடியில் போல்ட் இருக்கிறது. பழைய எஃப்ஜிகளிலும் இன்னும் பல ஜப்பான் கிட்டார்களிலும் பிரிட்ஜைப் பசையோடு போல்ட்டும் போட்டுத்தான் பிடித்திருப்பார்கள். அது தெரியாமல் கத்தியைச் செருகி நெம்பினால் டாப்பின் மேல் அடுக்கு பிரிட்ஜோடு உரிந்து வரும்.

பொட்டின் நடுவில் 1 மி.மீ துளை, அதில் சின்ன ஸ்க்ரூ, அதைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் பொட்டு வரும். சவுண்ட்ஹோல் வழியாகக் கைவிட்டு உள்ளே இருக்கும் நட்டைக் கழற்றுங்க. போல்ட் வெளியே வந்த பிறகுதான் சூடு. திரும்ப ஒட்டும்போது பிரிட்ஜின் அடியையும் டாப்பையும் சுத்த மரம் தெரியும்வரை சுரண்டணும். பழைய பசை மேல் புதுப் பசை நிற்காது. மேலும், இவர்கள் பிரிட்ஜின் ஓரத்தில் ஃபினிஷ் மேலேயே ஒட்டியிருப்பார்கள், அந்த ஓரம்தான் முதலில் தூக்கும்.

ஜனவரி 19

சேடிலுக்கு இரண்டு பக்கமும் ஸ்க்ரூ வைத்த பிரிட்ஜ்: 60, 70-களின் கிப்சனைப் பார்த்துச் செய்தது. ஆக்ஷன் ஏற்றி இறக்க வசதி, ஒலிக்குப் பகை. சேடில் ஸ்க்ரூ மேல் தொங்குகிறது, மரத்தைத் தொடுவதே இல்லை. அந்தப் பள்ளத்துக்கு அளவாக ரோஸ்வுட் துண்டு செதுக்கி இறக்கி, நடுவில் 3 மி.மீ பள்ளம் போட்டு எலும்பு சேடில் வைத்தால் ஆளே மாறிவிடும். பள்ளத்தைத் தடித்த கம்பிப் பக்கம் சற்றுப் பின்னால் சாய்த்துப் போடுங்க, நேராகப் போட்டால் சுருதி சேராது. கழற்றிய உதிரிகளைத் தூக்கிப் போடாதீங்க, அடுத்தவர் ஒரிஜினல் கேட்பார்.

நீல லேபல் எபிஃபோன் எஃப்டிகளில் நெக்கே எலெக்ட்ரிக் மாதிரி போல்ட்டில் நிற்கும். லேபலில் கலமசூ, மிச்சிகன் என்று பெரிதாக இருக்கும், செய்தது ஜப்பான். 1970-இலிருந்து எபிஃபோன் அங்கே போனது, மாட்சுமோட்டோவில் மாட்சுமோக்கு தொழிற்சாலை. ஆளுக்கு ஆள் கேலி செய்யும் இந்த போல்ட் நெக்தான் இன்றைக்கு வரம். நெக் உட்காரும் குழியில், சவுண்ட்ஹோல் பக்க ஓரத்தில் 0.5 மி.மீ மரச்சீவல் வைத்து இறுக்கினால் ரீசெட் முடிந்தது. குழி 75 மி.மீ நீளம் என்றால் பிரிட்ஜில் ஏறக்குறைய 1.9 மி.மீ கிடைக்கும். அட்டை, விசிட்டிங் கார்டு வைக்காதீங்க, அமுங்கிப்போய் ஆறு மாசத்தில் திரும்ப வரும்.

ஜனவரி 23

ஹகராண்டா. ஜப்பான் கேட்டலாக்கில் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இந்தப் பெயர். 60-களின் இறுதியில் பிரேசில் கட்டைகளை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும் உலகம் முழுக்க நம் ஈட்டிக்கு மாறியது (தோதகத்தி என்றும் சொல்வோமே, நீலகிரி, வயநாட்டு மரம்). ஆகவே 70-களின் ஜப்பான் ரோஸ்வுட் கிட்டாரில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது ஈட்டி. ஹகராண்டா என்று எழுதிய நடுத்தர விலை மாடல்களில் பெரும்பாலும் அது மேல்தோல் மட்டுமே, கீழே வேறு மரம்.

பிரேசில் ரோஸ்வுட் 1992-இலிருந்து சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில். மேல்தோலானாலும் அதேதான். 2019 நவம்பரில் இசைக் கருவிகளுக்குக் கிடைத்த விலக்கு மற்ற ரோஸ்வுட்களுக்கு, இதற்கு இல்லை. காகிதம் இல்லாமல் எல்லை தாண்ட வைத்தால் கஸ்டம்ஸில் பறிபோகும். பெருமைக்காக "அசல் ஹகராண்டா" என்று பார்சலில் எழுதும் விற்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

ஜனவரி 25

ஒட்டுப்பலகையைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று ஒரு குற்றச்சாட்டு. திட்டவில்லை. ரெட் லேபலின் டாப் மெல்லிசு, கட்டுமானம் லேசு, கையில் எடுத்தாலே தெரியும். அதனால்தான் சத்தம் முன்னால் வந்து விழுகிறது. நடு ஒலி துருத்தி நிற்கும், தடித்த கம்பி மார்ட்டின் மாதிரி உருளாது, ஸ்ட்ரம்மிங்கில் பாட்டுக்காரர் குரலோடு மோதாது. 1969 வுட்ஸ்டாக்கில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக மேடையேறி வாசித்தது எஃப்ஜி150, அத்தனை கூட்டத்தின் முன். வெயில், மழை, ஈரப்பதம் எல்லாவற்றிலும் டாப் வெடிக்காமல் இத்தனை எஃப்ஜிகள் மிஞ்சியிருப்பதற்குக் காரணமே அந்த அடுக்குதான்.

பிடிக்காதது: அந்தக் காலத்து பிளாஸ்டிக் நட் (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பி உட்காரும் பட்டை). உள்ளே பொள்ளல். எலும்பு நட்டுக்குச் செலவழிக்கும் காசு வேறு எதற்குச் செலவழிப்பதைவிடவும் காதுக்குத் தெரியும்.

பிப்ரவரி 2

ஜப்பான் ஏலத்தில் நேரே வாங்குபவர்களுக்கு, விவரணையில் தேட வேண்டியவை. கென்கோ: ஆக்ஷன். 12எஃப் (12-வது ஃப்ரெட்) என்று போட்டு மி.மீ தருவார்கள், தராதவரிடம் கேளுங்க. ஜுன்சோரி: நெக் முன்வளைவு. கியாக்குசோரி: பின்வளைவு. மோட்டோஓகி: நெக் அடியிலிருந்து எழும்பியது, ட்ரஸ் ராடில் தீராது. டாக்கோன்: அடிபட்ட தழும்பு, பயப்பட வேண்டாம். ஜங்கு: பழுது, உத்தரவாதம் கிடையாது. ஹார்ட் ஆஃப் மாதிரி பழைய சாமான் கடைகளில் இதற்குத் தனி மூலையே உண்டு, நல்லதும் கிடைக்கும், திருப்பித் தர முடியாது.

படத்தில் சேடிலைப் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்க. முன்பக்கம் பத்துப் படமும் அந்த ஒரு படம் இல்லாமலும் இருந்தால், ஏன் என்று யோசிங்க. ட்யூனர் பின்னால் உபயோகமில்லாத ஸ்க்ரூ துளை தெரிந்தால் ட்யூனர் மாற்றியது.

பிப்ரவரி 3

ட்ரஸ் ராட் சாவி: ஜப்பான் என்றால் மெட்ரிக். கிட்டத்தட்ட பொருந்துகிறதே என்று அமெரிக்க இன்ச் சாவியைப் போட்டால் மூலை மழுங்கும், பிறகு எதுவும் பிடிக்காது. முதலில் கம்பியைத் தளர்த்தி, ராடின் நட்டை அரைக்கால் சுற்று கழற்றும் திசையில் அசைத்துப் பாருங்க. அசைந்தால், கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டு அளங்க. "ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்" என்று ஹெட்ஸ்டாக்கின் பின்னால் ஒட்டியிருந்தால் பலவற்றில் உள்ளே வெறும் இரும்புப் பட்டை, திருக எதுவும் இல்லை. அவற்றுக்கு 12 செட் (மிக மெல்லிய கம்பி 0.012 இன்ச்) வேண்டாம், 11 போடுங்க. மொத்த இழுவையில் ஆறேழு கிலோ குறையும்.